கையுறைக்குள் இறங்கிய சொட்டு

ஆய்வுக்கூடத்துக் காவலாளி அவளை இலையக்கா என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் சாப்பாட்டுப் பையோடு வேலைக்கு வந்தால், அவள் பை நிறைய இலையோடு வருவாள். “உள்ள ஆடு ஏதாவது வளர்க்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அவள் வளர்த்தது பூஞ்சை. செடிக்கு எந்தக் கெடுதலும் செய்யாமல் இலைக்கும் தண்டுக்கும் உள்ளேயே குடித்தனம் நடத்தும் பூஞ்சைகள் உண்டு. சில, குடியிருக்கிற வீட்டைக் காப்பது போல, கிருமிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும். அதிலிருந்து மருந்து கிடைக்குமா என்று தேடுவது அவள் வேலை. மேலே ஒட்டியிருப்பதெல்லாம் சாகும்படி இலையைக் கழுவி, பிளேடால் நறுக்கி, ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் வைப்பாள். சில நாளில் வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சு போல ஒன்று எட்டிப் பார்க்கும்.

வருஷக்கணக்கில் எட்டிப் பார்த்தவை எதுவும் தேறவில்லை. பிறகு, பேருந்துப் பணிமனைச் சுவரோரப் புதர் ஒன்றின் இலையிலிருந்து சாம்பல் நிறப் பூஞ்சை வந்தது. எந்த மருந்துக்கும் மசியாத ஆஸ்பத்திரிக் கிருமியின் நடுவே அதன் சாற்றைச் சொட்டினாள். மறுநாள் சொட்டைச் சுற்றிக் கிருமியே இல்லை. துடைத்துவிட்டது போல ஒரு வட்டம்.

அதே வாரம்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. முன்பு ஒருமுறை தங்காமல் போயிருந்தது. ஆய்வுத் தலைவியான மேடத்திடம் சொன்னால், அன்றே ரசாயன அறைக் கதவு அவளுக்கு மூடிவிடும். பூஞ்சை வேறு கைக்குப் போய்விடும். சொல்லவில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைவிட்டு வந்ததும் கேட்பான்.

“மேடம்கிட்ட சொல்லிட்டியா?”

“நாளைக்குச் சொல்றேங்க.”

“உன் நாளைக்கு எப்பதான் விடியுமோ!”

ஒருநாள் மதியம், சாற்றின் கெட்டியான கரைசலைச் சிறு குப்பிகளில் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலில் இளஞ்சூடு தெரிந்தது. பார்த்தால், கையுறை நுனியில் கீறல், உள்ளே ஒரு சொட்டு. கழற்றி எறிந்துவிட்டு, விரல் வெளுக்கும்வரை குழாயடியில் பிடித்தாள். ஒரு சொட்டுதானே என்று மனசைத் தேற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு வாசனை வந்தது. அன்று அவள் பூண்டு சாப்பிடவில்லை. சாற்றைக் கரைக்க ஊற்றிய கரைப்பான் திரவம் தோலைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால் வாயில் பூண்டு மணக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அது தனியாகவும் போகாது. தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைத் தொடப் பயந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பக்கத்து அறையில் செல் சோதனை செய்யும், தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி அவளைக் கூப்பிட்டான். மனித செல்களின் மேல் அவள் சாற்றை ஊற்றிப் பார்த்திருந்தான். செல் உயிரோடிருந்தால் மஞ்சள் சாயம் ஊதாவாக மாறும். ஒரு வரிசை முழுக்க மஞ்சளாகவே கிடந்தது.

“அக்கா, உங்க ஆளு கிருமியை மட்டும் கொல்லல. எல்லாத்தையும் போட்டுத் தள்ளியிருக்கான்.”

அவள் நேராக மேடம் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ கண்ணாடியைக் கழற்றினார். “பைத்தியக்காரி. பூஞ்சையை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?” என்று மெல்லச் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “இதுக்கு இன்னும் பேரே இல்லையேம்மா. நான் எந்தப் புஸ்தகத்துல தேடுறது? அடிக்கடி ஸ்கேன் பார்ப்போம். வேற வழியில்ல.”

கணவன் திட்டவில்லை. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தான். அதற்கு அவன் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

சோடாபுட்டி, ஒரு சொட்டு உடம்பு முழுக்கப் பரவினால் எவ்வளவு நீர்த்துப்போகுமோ அவ்வளவு நீர்க்கவைத்து மறுபடி சோதித்தான். எல்லாம் ஊதாவாயின. அவன் போனில் சொன்னதும் அவள் அழுதாள். ஆனால் போனை வாங்கிய மேடம் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. “அது தட்டுல இருக்குற செல். உன் வயித்துல இருக்குறது குழந்தை. என்னால சத்தியம் பண்ண முடியாது.”

அதன்பின் வந்த மாதங்களை அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் கடந்தாள். குழந்தை அசையாவிட்டால் பயம். அதிகம் அசைந்தால் வலிப்போ என்று பயம். ஸ்கேன் அறையில் டாக்டர் பேசாமல் திரையைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு நின்றுபோகும். “துடிப்பு இருக்கு” என்ற பிறகுதான் திரும்ப வரும்.

பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். “ஒரு குறையும் இல்ல” என்று டாக்டர் சொன்னதை அவள் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அதற்குள் சோடாபுட்டியும் மேடமும் சாற்றை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று கிருமியைக் கொன்றது, செல்லை விட்டுவைத்தது. செல்லைக் கொன்றது மற்றது. முதலாவதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரே முதலில் இருந்தது. அன்று உள்ளே போனது இரண்டும் சேர்ந்தது என்பது மட்டுமே அவள் மனதில் நின்றது.

வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது இரண்டு கையுறை மாட்டுகிறாள். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் தெர்மாமீட்டரை எடுத்துவிடுவாள்.

“எல்லாப் பிள்ளைக்கும்தான் காய்ச்சல் வருது” என்பான் கணவன்.

“தெரியுங்க” என்பாள். சொல்லிக்கொண்டே மறுபடியும் வைத்துப் பார்ப்பாள்.