தகரம் என்று விற்ற வாளி

ஆம்பூரில் சாராள் வீடு எது என்று கேட்டால், எந்தச் சாராள் என்பார்கள். வாளிச் சாராள் என்றால் உடனே கை காட்டுவார்கள்.

1925-இல், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சந்தையில் அவள் அந்த வாளியை வாங்கினாள். அவள் குடியிருந்த வரிசைக்கு அதுதான் முதல் வாளி. மற்ற வீடுகளில் எல்லாம் மண்குடம். விற்றவன் வெள்ளைத் தகரம் என்றான். துருப்பிடிக்காது, உடையாது, கீழே போட்டால் சத்தம் மட்டும் போடும் என்றான்.

வரிசை என்பது நயீம் அகமது சாயபுவின் தோல் கார்கானாவை ஒட்டி, வேலையாட்களுக்காக அவர் கட்டிவிட்ட பன்னிரண்டு அறைகள். ஏழாவது அறையில் சாராளும் அவள் புருஷன் தானியேலும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அன்றைக்கே அறையும் போகும். தானியேலுக்குப் பட்டைக் கொட்டகையில் வேலை. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டிகளில் ஆட்டுத்தோலைப் போட்டுப் பதப்படுத்துகிற இடம் அது.

வாளி பார்க்காத வேலை இல்லை. விடிந்ததும் பாலாற்று மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும். பகலில் அதில் துணி ஊறும். சாயங்காலம் குழந்தையை அதற்குள்ளேயே உட்காரவைத்துக் குளிப்பாட்டுவாள். மழை வந்தால் ஓடு ஒழுகும் இடத்துக்கு நகரும். எலித் தொல்லை அதிகமானால் அரிசிப் பானைமேல் கவிழும். உபதேசியார் வந்தால் அவர் உட்காரவும் அதைத்தான் கவிழ்ப்பார்கள். கலியாணத்துக்குக் குழம்பு ஊற்ற இரவல் போகும். பிள்ளை பெறுகிற வீட்டுக்கு வெந்நீர் சுமந்து போகும், செத்தவர்களைக் குளிப்பாட்டவும் போகும். அடுத்த அறை ராகேலின் மூத்த பிள்ளைக்கு முதல் குளியலே அந்த வாளித் தண்ணீர்தான்.

கேட்டவர்களுக்கு அவள் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் திரும்பி வந்ததும் புளியையும் செங்கல் தூளையும் போட்டுத் தேய்த்துவிடுவாள். பிணம் தொட்ட வாளி என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது.

"யக்கா, உன் வாளியில மூஞ்சி பாத்துத் தலை சீவிக்கலாம் போல இருக்குதே" என்பாள் ராகேல்.

"சீவிக்கோ. பேனை மட்டும் உள்ள போட்டுடாதே."

ஐந்தாறு வருஷத்தில் வாளி கொஞ்சம் கறுத்தது. சாராள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். உள்ளே இருந்தது இரும்பு, வெள்ளையாகத் தெரிந்தது மேல்பூச்சு. அந்தப் பூச்சு புளித்தண்ணீரோடு சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

பட்டைக் கொட்டகைக்குள் இரும்பு போகக் கூடாது. பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் தண்ணீர் மையாகிவிடும். ஓர் ஆணி விழுந்தால் ஒரு தோல் பாழ். அதனால் காலையில் மேஸ்திரி கோதண்டபாணி வாசலில் நின்று, "இரும்பு?" என்று கேட்பார். ஆட்கள் அரைஞாணில் கட்டிய சாவியை அவிழ்த்து வைத்துவிட்டு, "இல்லீங்க" என்று சொல்லி உள்ளே போவார்கள். செம்பு போகலாம், பித்தளை போகலாம், தகரம் போகலாம். தகரத்தைப் பற்றி அங்கே யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

1931 வைகாசியில், தண்ணீர் இறைக்கும் தோல் சால்கள் இரண்டும் ஒரே நாளில் தையல் விட்டன. தைக்கிறவன் வாணியம்பாடிக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தான். தொட்டியில் கிடந்த தோல் காத்திருக்காது. பழைய தண்ணீரை இறைத்துவிட்டு அன்றைக்கே பட்டை கூடுதலாக ஊறிய புதுத் தண்ணீரை விட்டாக வேண்டும். மேஸ்திரி நேராக ஏழாவது அறைக்கு வந்தார். பின்னால் கொட்டகை ஆட்கள் ஆறு பேர் நின்றார்கள். ராகேலின் புருஷன் காசிநாதனும் அதில் இருந்தான்.

"ஏம்மே சாராளு, அந்த வாளியை எடு."

"எதுக்குங்க மேஸ்திரி?"

"பட்டைத் தண்ணி எறைக்கணும். சால் ரெண்டும் பூட்சி."

"நாத்தம் புடிச்சிக்குமே. கொழந்தை குளிக்கிற வாளிங்க."

"உன் புருஷன் தெனம் அந்தத் தண்ணியிலதான் நிக்கிறான். அவனை ஊட்ல சேத்துக்காமயா இருக்கிறே?"

எல்லாரும் சிரித்தார்கள். காசிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாராளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்: "இரும்பு ஆவாதுன்னு சொல்வீங்களே?"

"இது தகரம்மே. எனக்கே சொல்லித் தர்றியா?"

கொடுத்தாள். தானியேலோடு சேர்த்து ஏழு பேரும் மாற்றி மாற்றிப் பொழுது சாயும்வரை இறைத்தார்கள். வேலை முடிந்தபோது வாளி நான்காவது தொட்டிக்குள் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. யாராவது வீட்டில் சேர்த்திருப்பார்கள் என்று தானியேல் நினைத்தான். காலையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சாராள் நினைத்தாள்.

காலையில் தொட்டியைத் திறந்தபோது நூற்று நாற்பது ஆட்டுத்தோலும் மைக்கூட்டில் தோய்த்தமாதிரி கறுத்துக் கிடந்தன.

சாயபு வந்தார். அதட்டிப் பேசுகிறவர் இல்லை. வாளியை வெளியே எடுக்கச் சொல்லி, உட்புறத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அரே, பூச்சே இல்லையே. யார் இப்படித் தேய்ச்சது?"

சாயபு வாளியைக் கீழே வைத்தார்.

"சரி. யார் சொல்லி இது உள்ளே வந்தது?"

மேஸ்திரி முந்திக்கொண்டார். "வாசல்ல கேட்டேன் சாயபு. இரும்பு இல்லேன்னான் தானியேலு."

"மேஸ்திரிதாங்க ஊட்டுக்கு வந்து வாங்கினாரு" என்றான் தானியேல்.

"நான்? பொம்பளைகிட்டப் போய் வாளி கேட்டேனாம்! இவன் பொண்டாட்டி பேரே வாளிச் சாராளு, சாயபு. கலியாணமா, கருமாதியா, இன்னா இருந்தாலும் வாளியைத் தூக்கிக்கினு முன்னால நிப்பா. ஊரைக் கேளுங்க."

சாயபு ஊரைக் கேட்கவில்லை. அந்த ஆறு பேரைக் கேட்டார். "மேஸ்திரி வாங்கினதை யாராவது பார்த்தீங்களா?"

ஐந்து பேர் தரையைப் பார்த்தார்கள். காசிநாதன் மட்டும் வாய் திறந்தான். "வாளி சாராள் அக்காவுதுதான் சாயபு." அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

கொட்டகை வாசலில் நின்றிருந்த சாராளுக்குப் பொறுக்கவில்லை. "இவனும் அங்கதான் நின்னான் சாயபு. மேஸ்திரி பேசினதுக்குச் சிரிச்சான்."

"சிரிச்சியாப்பா?"

"ஞாபகம் இல்லீங்க" என்றான் காசிநாதன்.

தானியேலுக்கு அன்றே வேலை போயிற்று. அறையைக் காலி செய்ய ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவைத்தார்கள். அதுவே சாயபுவின் தயவு. கோலார் தங்கவயலில் சாராளின் அண்ணன் இருந்தான். வேறு போக்கிடம் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது ராகேல் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"யக்கா, வாளியை எடுத்துக்கினா போறே?"

"எதுக்கு?"

"ஆடி மாசம் எனக்கு நாளாகுது. வெந்நி வெக்க..."

சாராள் நிமிர்ந்து பார்த்தாள். "உன் புருஷனை வந்து கேக்கச் சொல்லு. குடுக்கிறேன்."

காசிநாதன் வரவில்லை. வாளி அவர்களோடு ரயில் ஏறியது.

ஐப்பசியில், ஆம்பூரிலிருந்து தங்கவயலுக்கு வந்த ஒருத்தன் செய்தி சொன்னான். கறுத்த தோலை எல்லாம் சாயபு மொத்தமாகவே கறுப்புச் சாயத்தில் தோய்த்து, செருப்புக்கென்று மதராஸுக்கு அனுப்பிவிட்டாராம். ஒரு தோல்கூடக் கழியவில்லையாம். தானியேல் அன்றே கிளம்பினான். மைத்துனன் சேர்த்துவிட்ட சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு மூச்சு முட்டியது. பழைய வேலையும் ஏழாவது அறையும் கிடைத்தால் போதும்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தான்.

"இன்னா சொன்னாரு சாயபு?" என்றாள் சாராள்.

"தோல் போனா போவட்டும்னாரு. ஆனா மேஸ்திரி மேல பொய்ப்பழி போட்டியே, அந்தமாதிரி ஆளை உள்ள வெச்சிக்க மாட்டேன்னாரு."

"மேஸ்திரி பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு. எனக்காகப் பேசினாரு."

"இன்னா பேசினாரு?"

தானியேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "பாவம், புள்ளகுட்டிக்காரன், மன்னிச்சிடுங்க சாயபுன்னாரு."