மல்லாவி சுற்றிப் பரிஸுக்குப் போன மஞ்சள் வட்டம்

பிரான்ஸ் நாட்டிலிருந்து ஒரு வாகனப் புகைச் சான்று என் வீட்டு வாசலுக்கு வந்தது. கிளிநொச்சியில் இப்படிச் சொல்லக்கூடியவர் இன்னொருவர் இருந்தால் வந்து சொல்லட்டும், இருந்து கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கடையில் காற்றடிக்கத் தொடங்கியவன். இன்றைக்கு இரண்டு நெல் வெட்டும் மெசினும் ஒரு லொறியும் என் பெயரில் ஓடுகின்றன. வாகனத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் கண்ணாடியில் ஒரு வட்டம் ஒட்டாமல் பரிஸ் நகரத்துக்குள் வாகனம் விடக்கூடாது என்பது, மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மகளும் மருமகனும் ஜேர்மனியில் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் ஒரு வீட்டு வான் வாங்கினார்கள். வானுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உண்டு. அதன் படத்தைச் சந்தையில் நான் காட்டாத ஆள் இல்லை. போன விடுமுறைக்கு வானை அங்கே விட்டுவிட்டு இருவரும் எங்களிடம் வந்து நின்றார்கள். அப்போதுதான் பரிஸில் இருந்து என் அக்காவின் செய்தி வந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவா. அத்தான் காலமான பிறகு பரிஸில் தனியே இருந்தா. பிள்ளைகள் இல்லை. முதுகில் ஒபரேசன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தா. வீட்டில் பார்க்க ஆளில்லாதபடியால் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதென்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். அந்த இல்லத்தில் தமிழ் கதைக்க ஒரு சீவன் இல்லை. அக்காவுக்கு இவ்வளவு காலம் அங்கே இருந்தும் பிரெஞ்சில் கடைக்காரனோடு கதைக்கிற அளவுதான் வரும். அதற்குள்ளே கிடந்து வாய் பூட்டிப் போகப் போகிறா என்று நான் தலையில் கை வைத்தேன். மகள் ஒரே சொல்லில் முடித்தா.

"மாமியை நான் கொண்டுபோய் வைச்சிருப்பன் அப்பா. நீங்கள் யோசியாதேங்கோ."

குறித்த நாளுக்குள் வந்து ஏற்றினால் விடுகிறோம் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். சிக்கல் என்னவென்றால் அக்காவால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிமிர்ந்து இருக்க முடியாது. விமானமும் சரிவராது, ரயிலும் சரிவராது. வீட்டு வான்தான் வழி. கொஞ்சத் தூரம் ஓடி, நிறுத்தி, கட்டிலில் படுக்க வைத்து, பிறகு ஓடலாம்.

மருமகன் என் கதிரையில் இருந்தபடி கைத்தொலைபேசியில் அந்த வட்டத்துக்கு விண்ணப்பம் போட்டார். வானின் கண்ணாடியில் ஜேர்மன்காரனின் பச்சை வட்டம் ஏற்கனவே இருக்கிறது. அதைப் பிரான்ஸ்காரன் மதிக்கமாட்டானாம். ஜேர்மன் பதிவுப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். எந்த வருட எஞ்சின், என்ன எண்ணெய் என்றெல்லாம் கேட்டது. கடைசியில், எந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்புவது என்று கேட்டது. மருமகன் அங்கேதான் நின்றார்.

"நாங்கள் இப்பதான் வீடு மாறுறம் மாமா. பழைய வீட்டுத் திறப்பும் குடுத்தாச்சு. புது வீட்டுத் தபால்பெட்டியில இன்னும் பேர் ஒட்டேல்லை. பேர் இல்லாட்டி அங்க கடிதம் போடாங்கள்."

"அப்ப நிரந்தர விலாசத்தைப் போடுங்கோ தம்பி," என்றேன்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எத்தனை முகாமில், எத்தனை மரத்தடியில் விண்ணப்பம் நிரப்பினோம். தற்காலிக விலாசத்துக்கு வருகிற கடிதம், அது வர முதல் நாங்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். நிரந்தர விலாசம் என்று போட்டதுதான், எவ்வளவு காலம் போனாலும் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கம் இன்னும் எங்கள் எல்லோரையும் விடவில்லை. என் பெயரைச் சொன்னால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து தருவார் என்றும் சொன்னேன். அவர்கள் நிற்கிற நாளுக்குள் வந்துவிடும் என்று மருமகனும் நினைத்தார், போட்டார்.

அவர்கள் நிற்கிற நாளுக்குள் வரவில்லை. இருவரும் விமானம் ஏறினார்கள். வட்டம் எங்கே நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதே வானுக்கு இன்னொன்று கேட்டு மருமகன் எழுதிப் பார்த்தார், பதில் இல்லை. ஒட்டாமல் ஓடலாமே என்று நான் சொல்ல, மகள் மறுத்துவிட்டா. வருத்தக்கார மனுசியை வைத்துக்கொண்டு நடு வீதியில் பொலிஸ்காரனோடு நிற்கத் தன்னால் ஏலாது என்றா. அது நியாயம்.

அன்றிலிருந்து நான் கேற்றடியில் நின்றேன். என் மனுசி குசினிக்குள் இருந்தபடியே, "நிரந்தர விலாசக்காரர் தேத்தண்ணி குடிக்க வாறியளோ?" என்று கேட்பா. தபால்காரர் இன்னும் ஒருபடி மேல்.

"அண்ணை, நீங்கள் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாப்போல கடிதம் பிறக்காது," என்றார்.

பிறந்தது. ஒரு காலையில் அவர் சைக்கிளில் வரும்போதே உறையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். கேற்றடியிலேயே நின்று உறையைப் பிரித்தேன். உள்ளே உள்ளங்கை அளவு மஞ்சள் வட்டம், நடுவில் இரண்டாம் இலக்கம். ஏன் இரண்டு, ஏன் ஒன்று தரவில்லை என்று உடனே மருமகனுக்கு எடுத்துக் கேட்டேன். டீசல் வாகனம் எவ்வளவு நல்லதென்றாலும் ஒன்று தரமாட்டார்களாம், இரண்டு போதுமாம். எனக்கு அது முழுத் திருப்தி இல்லை.

இனி அதை ஜேர்மனிக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி குறித்த நாளுக்கு ஒரு கிழமை முழுதாக இல்லை. கூரியர் கடையில் கேட்டால் ஒரு கிழமை, கூடவும் பிடிக்கலாம் என்றார்கள். அப்போதுதான் மனுசிக்கு மல்லாவி ரீச்சரின் நினைவு வந்தது. வேலையில் இருந்து இளைப்பாறிய ரீச்சர், மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஜேர்மனிக்குப் போகிறா, மறுநாள் கொழும்புக்கு வெளிக்கிடுகிறா. எங்கள் பக்கத்தில் யார் வெளிநாடு போனாலும் ஊர் முழுக்க அவர்களின் கையில் ஒரு பார்சல் வைக்கும். மிளகாய்த்தூள், ஒடியல் மா, கருவாடு என்று எல்லாம் அப்படித்தான் கடல் கடக்கின்றன.

மோட்டார்சைக்கிளை எடுத்தேன். மாங்குளத்தில் திரும்பி மல்லாவிக்குப் போய்ச் சேர, ரீச்சர் விறாந்தையில் ஒரு தராசுக்குப் பக்கத்தில் நின்றா. கட்டிய பெட்டியைத் திரும்ப அவிழ்த்து வைத்திருந்தா. கதிரையில் ஊராரின் பார்சல்கள் திருப்பிக் கொடுக்க அடுக்கிக் கிடந்தன. என்னைக் கண்டதும் கையை நீட்டி மறித்தா.

"அண்ணை, சொல்லிப்போட்டன். ஒரு ஊசியும் கொண்டுபோகமாட்டன். என்ர பிள்ளைக்குப் பிரசவப் பத்தியக் காயச்சரக்கு வைக்கவே இடமில்லை."

"ஊசியை விடப் பாரம் குறைவு ரீச்சர்," என்று உறையை நீட்டினேன்.

அவா கண்ணாடியைப் போட்டு வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. இது என்ன, எந்தக் கட்சியின்ர சின்னம் என்று கேட்டா. வாகனம் குறைந்த புகைதான் விடும் என்பதற்குப் பிரான்ஸ் அரசாங்கம் கொடுக்கிற அத்தாட்சி என்றேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தா.

"புகை இல்லையெண்டு உங்களுக்கு அத்தாட்சி தந்தவங்களோ?"

அவா எதைச் சொல்கிறா என்று எனக்கு விளங்கியது. யுத்தத்தில் எண்ணெய்த் தடை இருந்த காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். வன்னியில் அப்படி ஓட்டியவர்களில் என்னை வெல்ல ஆளில்லை. மழையிலும் நிற்காமல் ஓடும் என் மோட்டார்சைக்கிள். ஆனால் பின்னால் வருகிறவர்களுக்கு வீதி தெரியாது.

"நான் வெள்ளைச் சேலையோட பள்ளிக்கூடம் போவன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனா, வகுப்புக்குள்ள நான் சாம்பல் சேலையோடதான் போவன். பிள்ளையள் சிரிக்குங்கள்," என்றா.

"அந்த மோட்டார்சைக்கிள் இல்லை ரீச்சர். இது அக்காவை ஏத்துற வான்."

அக்காவின் கதையைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். ரீச்சர் தராசை ஓரமாகத் தள்ளினா. உள்ளே போய்க் கைப்பையைக் கொண்டுவந்து, கடவுச்சீட்டுக்குள் அந்த உறையை வைத்துச் சிப்பை இழுத்தா.

"பெட்டியில வைச்சா பெட்டி துலைஞ்சாலும் துலையும். இது என்னை விட்டுப் போகாது. உங்கட மருமகனை எயார்போட்டில நிக்கச் சொல்லுங்கோ. பிந்தினா நான் நிக்கமாட்டன்."

திரும்பி வரும்போது மாங்குளத்தில் நிறுத்தி ஒரு சோடா குடித்தேன். ஒரு மாதமாக எனக்குத் தாகம் எடுத்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மருமகன் பிந்தவில்லை. வானின் கண்ணாடியில் பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் ஒட்டிய படம் வந்தது. ஆஸ்பத்திரி குறித்த நாளுக்கு முதல் நாள் பரிஸுக்குள் போய்விட்டார்கள். வழியில் ஒருவரும் மறிக்கவில்லை, வட்டத்தை ஏறிட்டுப் பார்த்த ஆளும் இல்லையாம். மருமகனுக்கு அதில் கொஞ்சம் கவலை போல, இவ்வளவு பாடுபட்டது வீணோ மாமா என்று கேட்டார். ஒரு நாளும் வீணில்லை என்றேன். யுத்த நேரம் ஊர் விட்டு ஊர் போகப் பாஸ் எடுத்து ஓடிய காலத்தில் நான் கண்டது அதுதான். பாஸ் சட்டைப்பையில் கிடக்கிற நாளில் சென்றிச் சோதனைச் சாவடியில் கையைக் காட்டிப் போ என்பான். மறந்துவிட்டுப் போகிற நாளில் இறக்கி வைத்திருப்பான். யாரும் கேளாமல் போவதற்குத்தான் அந்தத் துண்டுக் கடதாசி.

அக்காவை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்ட மறுநாள், இங்கே பொழுதுபடும் நேரம் மகள் வீடியோவில் அழைப்பு எடுத்தா. வான் ஒரு மரநிழலில் நின்றது. அக்கா கட்டிலில் படுத்திருந்தா. முகம் வாடியிருந்தது, ஆனால் கண் தெளிவு. தலைமாட்டில் நின்று மகள் கஞ்சி கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்தா. அக்கா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது தன் முதுகைப் பற்றி இல்லை.

"தம்பி, எல்லை எப்ப வரும்? இவள் ஒண்டும் சொல்லுறாள் இல்லை. அதில என்னை இறங்கி நடக்கச் சொன்னா என்னால ஏலாதடா."

அக்கா வன்னியை விட்டுப் போன நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றிக்குச் சென்றி இறங்கி நடந்து போனவா. நான்தான் மற்றப் பெட்டியைத் தூக்கினேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தா.

"எல்லை எப்பவோ தாண்டியாச்சு மாமி. நீங்கள் நித்திரை."

"இறங்கவே இல்லையோ?"

"இல்லை மாமி. அதில வான் நிக்கவும் இல்லை."

அக்கா தலையைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தா. பிறகு, "அப்ப கஞ்சியைத் தா," என்றா.