விற்கிறோம் என்பது காருக்குத் தெரியக்கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மட்டாஞ்சேரியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் சுக்கு குடோன் வாசலில் நான்கு பேர் மாறி மாறித் தும்மிக்கொண்டு நின்றோம். நான், என் கணவர், மெக்கானிக் அந்தப்பன் சேட்டன், எங்கள் பழைய காரை வாங்க வந்த ஷைனி. வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றிப் பேச எதற்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தோம்? காரின் காதில் விழக்கூடாது அல்லவா, அதற்காகத்தான்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என் முழங்கால் வலியைப் பற்றி இந்தப் பக்கத்தில் புலம்பியிருந்தேன், ஞாபகம் இருக்கும். எண்ணெய், கஷாயம், யோகா என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னீர்கள். நன்றி. டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான் — கிளட்ச்சை மிதிக்காதீர்கள்! வாரத்தில் ஐந்து நாள் பாடம் நடத்த எர்ணாகுளம் போகிறேன். அந்த டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதிக்காமல் கார் ஓட்டுவது எப்படி? பறந்துதான் போகவேண்டும்.

அதனால் கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுக்குப் பதிவு செய்தோம். மாதக்கணக்கில் காத்திருந்தபின் வண்டி வந்தது. ஷோரூமில் கறாராகச் சொல்லிவிட்டார்கள் — திங்கட்கிழமை எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் வாசலிலோ ஒரே ஒரு காருக்குத்தான் இடம். இன்னொன்றை நிறுத்த வேண்டுமானால் ஹாலில் சோபாவை எடுத்துவிட்டு நிறுத்தலாம். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் பழையது போயாக வேண்டும். இல்லையென்றால் புதுக் காரும் போச்சு, என் முழங்காலும் போச்சு.

பழையது என்றேனே, அது ஒரு ஜப்பான் கம்பெனிக் கார். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் "எங்களிடமும் அதுதான்!" என்று ஆளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுவீர்கள். அந்தக் கார்க்காரர்களின் குணம் எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் நானும் அவர்களில் ஒருத்தி.

அவர்களிடம் போய்க் காரைக் குறை சொல்லிப் பாருங்கள்... "தகடு ரொம்ப மெல்லிசு, சாய்ந்து நின்றால் டொக்கு விழுகிறதே?" என்றால், "யார் சாயச் சொன்னது?" என்பார்கள். "ஏசி போட்டால் மேடு ஏறாதாமே?" என்றால், "கொச்சியில் மேடு எங்கே இருக்கிறது?" என்பார்கள். மைலேஜ் பேச்சு வந்தால் இன்னும் மோசம். ஒருவர் இருபது என்பார். பக்கத்தில் நிற்பவர் உடனே இருபத்திரண்டு என்பார். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால், வண்டி பெட்ரோல் இல்லாமலே ஓட ஆரம்பித்துவிடும்.

இந்தக் கம்பெனியின் வரலாற்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப்பன் சேட்டன். தோப்பும்படியில் வர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வடக்கே ஆலுவாவைத் தாண்டியதில்லை. ஆனால் ஜப்பானைப் பற்றிப் பேசினால், நேற்று ராத்திரிதான் அங்கிருந்து பஸ் பிடித்து வந்தவர் மாதிரி பேசுவார்.

"சேச்சிக்கு அறியுமோ? அவங்க ஆதியம் கார் உண்டாக்கின ஆளுகளல்ல. தறி! முண்டு நெய்யற தறி!"

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். மனுஷர் சொன்னது சத்தியம்! முதலில் தறிதான் செய்திருக்கிறார்கள். பிறகு மோட்டார், பிறகு கார். ஜப்பானில் இப்படித் தறியில் ஆரம்பித்துக் காரில் முடிந்த கம்பெனி ஒன்றுக்கு மேலேயே இருக்கிறதாம். நம் ஊரில் தறி வைத்திருந்தவர்கள் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று எனக்குச் சின்ன வருத்தம்.

அந்தப்பன் சேட்டன் அதோடு விடவில்லை. "தறியில நூல் அறுந்தா தறியைத் தூக்கிக் களயுமோ? முடிச்சு போட்டு வீண்டும் ஓட்டும். அதாணு இந்த வண்டியும். முடிச்சு போட்டா ஓடும்" என்றார். இதைத் தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காரின் சைலன்சரை அவர் நிஜமாகவே கம்பியால் முடிச்சுப் போட்டுத்தான் கட்டியிருந்தார்.

சரி, காது விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவர் மணி, பாலக்காட்டுக்காரர். எதற்கும் ஆதாரம் கேட்பவர். ஜாதகம் பார்க்கமாட்டார், ராகுகாலம் பார்க்கமாட்டார். ஆனால் விற்பதைப் பற்றிக் காரின் முன்னால் பேசக்கூடாது என்பதில் மட்டும் அசையாத நம்பிக்கை. பேசினால் கோபித்துக்கொள்ளுமாம்!

அதற்கும் ஆதாரம் வைத்திருக்கிறார். இரண்டு வருஷம் முன்னால் எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது, "இதை வித்துடலாமா?" என்று வாய் தவறிக் கேட்டேன். தோப்பும்படிப் பாலத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் மீன் லாரிகள்... ஹார்ன் சத்தத்தோடு வசவும் வந்தது, வாடையும் வந்தது. போன வருஷம் விளம்பரத்துக்கு என்று போட்டோ எடுத்தோம். மறுநாள் பேட்டரி அவுட். கேட்டால், "கண்டயோ? நான் அப்பவே பறஞ்சேனே!" என்கிறார் வெற்றிக் களிப்போடு.

அதனால் இந்தத் தடவை ஏக ஜாக்கிரதை. சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். வாசலில் கார், பத்தடியில் ஜன்னல்.

"ஏன்னா, தமிழ்லதானே பேசறோம்? கொச்சியில வாங்கின கார். அதுக்கு மலையாளம்தானே தெரியும்?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. தீவிரமாக யோசித்தார். "பதினாறு வருஷமா நம்ம சண்டை முழுக்க அதுக்குள்ளேதானே நடந்தது? தமிழ் நன்னாத் தெரியும்."

"இங்கிலீஷ்?"

"மேப்புல வழி பறயறாளே ஒருத்தி, அவள் பேசிப் பேசி அதுவும் பழகியாச்சு."

"ஹிந்தி?"

"எஃப்.எம். பாட்டு கேக்கறியே நீ!"

இவ்வளவு படித்த காரை விற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷைனி வந்தாள். இடக்கொச்சிக்காரி. வீட்டில் பொதிச்சோறு கட்டி ஆபீஸ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இதுவரை ஸ்கூட்டரில். மழைக்காலத்தில் பாதி மீன்கறி ரோட்டுக்குப் போகிறது என்று கார் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப்பன் சேட்டன்தான் அழைத்து வந்தார். நல்ல பெண். ஆனால் எதையும் சுட்டிக்காட்டாமல் பேசத் தெரியாத பெண்.

"சேச்சி, இந்த டொக்கு எங்ஙனே வந்தது?" என்று கதவைத் தொட்டாள்.

என் கணவர் உடனே உதட்டில் விரலை வைத்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக எங்களைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். சுக்கு குடோன் வாசலில் நின்று, டொக்கின் வரலாற்றைச் சொன்னோம். ஒரு சுற்றுத் தும்மல். திரும்பி வந்தோம். அடுத்து அவள் பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "டயர் மாத்தணமோ?" என்றாள். மறுபடியும் தெருமுனை. மறுபடியும் தும்மல். முழங்கால் வலிக்காரி நான், காரைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு கீறலுக்கும் போக ஒரு நடை, வர ஒரு நடை என்று நடந்தேன்.

ஷைனிக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியில் ஏதோ பெரிய கோளாறு, அதைத்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். முகம் மாறிப்போனது. "ஞான் வீட்டில கேட்டுட்டு பறயாம் சேச்சி" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். போச்சு, புதுக் கார் அடுத்தவருக்கு!

அந்தப்பன் சேட்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அது நேரத்தே பறயண்டே?" என்று, முன்னாலேயே சொல்லாததற்கு என்னைத்தான் கோபித்துக்கொண்டாள். அவள் அப்பாவிடமும் இதே கம்பெனிக் கார் இருந்ததாம். அதன் முன்னாலும் யாரும் மூச்சுவிட மாட்டார்களாம்! அதற்குப் பிறகு எங்களைவிட அவள்தான் மெல்லப் பேசினாள். விலையும் அந்தக் குடோன் வாசலிலேயே படிந்துவிட்டது. ஓட்டிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

நால்வரும் எதுவுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தோம். அப்போதுதான் மாடி வீட்டு ஹன்சாபென் பால்கனிக்கு வந்தார். குஜராத்தி அம்மாள். ஐந்து மொழி பேசுவார், ஐந்தையும் ஒரே சத்தத்தில் பேசுவார்.

"மணிச்சேட்டா! பழைய வண்டி வித்தோ? நாளெ புதிய வண்டி வருமோ?"

நேராகக் காரின் தலைக்கு மேலே நின்றுகொண்டு!

நால்வரும் நின்ற இடத்திலேயே நின்றோம். இவர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப்பன் சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டார். பதில் வராததால் ஹன்சாபென் இன்னொரு தடவை, இன்னும் தெளிவாகக் கேட்டார்.

"இனி எந்து செய்யான்..." என்று முணுமுணுத்துக்கொண்டே ஷைனி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்தப்பன் சேட்டன் பக்கத்தில். நான் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு. இவர் வாசலோடு நின்றுகொண்டார். சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்!

எனக்கு என்றைக்கும் மூன்று திருப்பு வேண்டும். மூன்றாவதில் கொஞ்சம் கெஞ்சவும் வேண்டும். அவளுக்கு ஒன்றே ஒன்று. தெருவில் பூனை மாதிரி சத்தமில்லாமல் போனது. தோப்பும்படிப் பாலம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இருமல் இல்லை... அலுங்காமல் ஏறி, அலுங்காமல் இறங்கியது. ஏசியைப் போட்டாள். இரண்டு வருஷமாக வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்த ஏசி, ஜில்லென்று வந்தது! அந்தப்பன் சேட்டன் திரும்பி என்னைப் பார்த்து, "சேச்சி, இது நம்மட வண்டி தன்னெயோ?" என்றார்.

"நல்ல வண்டியாணல்லோ சேச்சி! எந்தினா விக்கறது?" என்று கேட்டாள் ஷைனி.

காருக்குள்ளேயே உட்கார்ந்து, காருக்குக் கேட்கும்படியாகச் சத்தமாகவே பதில் சொன்னேன். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லை. என் கால்தான் சரியில்லை." யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டோம். சாவியை இவர்தான் கொடுத்தார். ஸ்கூட்டரை அந்தப்பன் சேட்டன் எடுத்துக்கொள்ள, ஷைனி காரில் ஏறிக் கையசைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நான் தெருவுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தவள் நான். அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதோ, அந்த மளிகைக்கடை கிட்டே நின்றுவிடும். இல்லை, அந்த ஆட்டோவுக்கு வழிவிடும்போது நின்றுவிடும். திரும்புகிற இடத்தில் கண்டிப்பாக நிற்கும்... அது அழகாக இண்டிகேட்டர் போட்டது. திரும்பியது. போயே போய்விட்டது.

"ஒரு பிரச்சினையும் இல்லாம முடிஞ்சுதே! வா உள்ளே, காலை நீட்டி உக்காரு" என்றார் இவர்.

"நீங்கோ போங்கோ, வரேன்" என்றேன். இன்னும் ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை புதுக் கார் வந்துவிட்டது. முழங்காலுக்குப் பரம சுகம். விசாரித்தவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் என் மனசு மட்டும் இன்னும் ஆறவில்லை. பதினாறு வருஷம் ஐயா, பதினாறு வருஷம்...

ஒரு மரியாதைக்காவது, ஒரே ஒரு தடவை ஆஃப் ஆகியிருக்கக்கூடாதா?