யாருக்கு முதல் முறை

அக்கா செய்த கேமில் நான் எப்போதும் யானைப் பக்கம்தான். கட்டம் போட்ட ஒரு வயல், அதில் நான்கு யானைகள், நான்கு விவசாயிகள். இரு பக்கமும் முறை வைத்து நகர்த்த வேண்டும். ஒரு யானை நெற்குவியலைத் தொட்டுவிட்டால் யானைகளுக்கு வெற்றி. வெடி போட்டு நான்கையும் காட்டுக்குள் துரத்திவிட்டால் விவசாயிகளுக்கு வெற்றி. உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்கா, யாரோ கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டரில் இதையெல்லாம் தனியே உண்டாக்கியிருந்தாள். எனக்கு ஒன்பது வயது. இல்லாத யானையை நடக்க வைக்கிற ஒருத்தியோடு ஒரே பாயில் படுக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய பெருமை.

ஆனால் கேமில் ஒரு கோளாறு இருந்தது. யானைதான் முதலில் நகரும், அதனால் யானைதான் வெல்லும். பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற சேர் இரண்டு தரம் விளையாடிப் பார்த்துவிட்டு, "முதல் போறவன்தான் வெல்லுவான் எண்டால், மற்றவன் ஏன் பிள்ளை விளையாட வேணும்?" என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் கேம் செய்கிறவர்களுக்கான மாகாணப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா யானைகளின் பலத்தைக் குறைத்தாள். விவசாயிகள் தூங்கிக்கொண்டே வென்றார்கள். கொஞ்சம் கூட்டினாள். மறுபடி யானைகள். சோதித்துப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் திட்டும் எனக்கே விழுந்தது. "நீ வெண்டாலும் எனக்கு அழுகை வருது, தோத்தாலும் அழுகை வருது," என்றாள். வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

அதே நாட்களில் வீட்டில் இன்னொரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வயல், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், வாய்க்காலின் தலைப்பில் இருந்தது. திறந்துவிட்டால் தண்ணீர் முதலில் எங்களிடம்தான் வரும். வெயில்காலப் பயிரான அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. முறை பிரித்து விடும் பொறுப்பை ஊரார் அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள். அப்பா, ஒரு முறை தலைப்பிலிருந்து பாய்ச்சுவது, அடுத்த முறை கடைசி வயலிலிருந்து பாய்ச்சுவது என்று வைத்துவிட்டார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"துருசடியில வயலை வைச்சுக்கொண்டு கடைசியாத் தண்ணி பாய்ச்சிற மனிசன் இந்த வன்னியிலயே இவர் ஒராள்தான்!" என்று அந்த வியாழனும் குசினிக்குள்ளிருந்து அம்மா சத்தம் போட்டார்.

"இந்த முறை கடைசி எண்டால், அடுத்த முறை நாங்கள்தானே முதல்," என்றார் அப்பா, கதிரையை விட்டு எழும்பாமல்.

கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "அப்பா, இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள். அவளும் நக்கலடிக்கிறாள் என்று நினைத்து அப்பா வெளியே போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாறிவிட்டது. ஒரு சுற்றில் யானை முதல், அடுத்த சுற்றில் விவசாயி முதல். கடைசியாக நகர்ந்தவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார். முதல் ஆட்டத்தில் நான் தோற்றேன். "அம்மா, அக்கா அளாப்பிறா, கள்ள விளையாட்டு!" என்று கத்தினேன். இரண்டாவதில் வென்றேன். மூன்றாவதில் என் கடைசி யானை நெல்லுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றது. எதிரே கடைசி வெடியோடு ஒரு விவசாயி. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. யாருடைய பலத்தையும் அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வரிசையை மாற்றினாள், அவ்வளவுதான். அதற்கே அந்தச் சின்ன வயலுக்கு உயிர் வந்துவிட்டது. அன்று பட்ட வியப்பு பிறகு எந்தப் பெரிய கேமிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் சேர் மூன்று தரம் விளையாடி, இரண்டு தரம் தோற்று, நாலாவது தரமும் கேட்டாராம். அக்கா போட்டிக்குப் போனாள்.

அந்தப் போகத்தின் கடைசித் தண்ணீர் கடைசி வயலிலிருந்து தொடங்கியது. எங்கள் வரம்புக்கு வருவதற்குள் குளத்துத் தண்ணீர் துருசு மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கடைசி வயல்களில் கதிர்கள் முற்றித் தலைசாய்ந்தன. எங்களுக்குப் பாதி சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி.

நெல் அரிவு வெட்டும் நாளில் அப்பா வரம்பில் குந்தியிருந்தார். கேம் தெரிந்தவள் என்ற தோரணையில் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, கடைசி முறையை எங்களில இருந்து தொடங்கியிருந்தால் நாங்கள் வெண்டிருப்பம்."

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா, கடைசி வயலில் கதிர்க்கட்டுகளைத் தூக்கிப் போகிறவர்களைப் பார்த்தபடி. "வெண்டிருப்பம்."

அப்பா தன் பிழையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.