நான் கூப்பிடாத பஸ்

எங்கள் ஊருக்கு வந்த ஒரே பஸ் நின்றுபோனதற்கு நான்தான் காரணம். இதை வெகுகாலம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாவிக்கு மேற்கே, நெல்வட்டையின் ஓரத்தில் இருந்தது எங்கள் வீடு. ஊர் உள்ளே தள்ளி இருந்தது. காலைப் பஸ் தூரத்தில் திரும்பும்போதே அதன் புழுதி எங்கள் வயல் வரம்பிலிருந்து தெரியும். "பஸ் வருது" என்று நான் கத்திய பிறகுதான் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பஸ் தரிப்புக்கு வருவார்கள். அக்கா பின்னலை முடிந்துகொண்டு பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க ஓடுவாள். அதைவிடப் பெரிய பதவி எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

விதைப்பு முடிந்து மாமாவின் உழவு மெசின் சும்மா நின்றது. பின்னால் பெட்டியைக் கொழுவிப் பட்டணத்துக்கு ஆள் ஏற்றலாம் என்று அவருக்கு ஒரு யோசனை.

"கொஞ்சம் பிந்திக் கத்து, மருமகன். உன்னைச் சில்லுக்கு மேல மட்காட்டில ஏத்திறன்."

நான் கத்தவே இல்லை.

பஸ் புழுதிக்குள்ளிருந்து சிவப்பாக எழுந்து வந்தது. தரிப்பில் ஒரு காகம்கூட இல்லை. ஆனாலும் நின்றது. சாரதி ஊர்ப்பக்கம் பார்த்தபடி காத்திருந்தார். பின்னால் வாவி முழுதும் மினுங்கியது. யாருமே இல்லாத இடத்தில் அவ்வளவு பெரிய வாகனம் உறுமிக்கொண்டு நிற்பதை, சுவாமி வெளிவீதி வந்ததைப் பார்ப்பதுபோல, வாய்பிளந்து பார்த்தேன். ஆளில்லாத இடத்தில் நிற்கிறாரே, என்ன மனிதர் என்றும் நினைத்தேன்.

பிறகு மாமாவின் மெசின் வந்தது. பஸ் வந்துபோனது தெரியாமல், பஸ் வரவர மோசம் என்று ஊர் பேசிக்கொண்டது. நான் மட்காட்டில் ராஜாவாக இருந்தேன். இப்படியே கொஞ்சக் காலம் போக, ஏற ஆளில்லை, டீசலுக்கும் கட்டாது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த உழவு தொடங்கியதும் மெசின் வட்டைக்குள் இறங்கியது. அக்காவின் படிப்பு அத்தோடு நின்றது. ஆண்பிள்ளை என்று என்னைப் பட்டணத்து விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள்.

ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியபோது மறுபடியும் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பாதி இருக்கைகள் வெறுமை. "எல்லாரிட்டயும் மோட்டார் சைக்கிள் இரிக்கி ஐயா. இனி இதையும் நிப்பாட்டிருவாங்க" என்றான் நடத்துநர்.

மறுநாள் காலை வரம்பில் ஏறி நின்று கத்தினேன். குரல் முன்போல எழவில்லை. "வாத்தியாருக்கு என்ன நடந்த?" என்று பொடியன்கள் சிரித்தார்கள். ஆனால் கிளினிக்குக்குப் போகும் இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு சந்தைக்காரர் சிலர். இன்றும் கத்துகிறேன். பஸ் ஓடுகிறது, எதுவரை ஓடும் என்று தெரியாது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நீ வாயப் பொத்திக்கொண்டு நிண்டத அண்டைக்கே கண்டனான்டா" என்றாள்.

"ஏன் சொல்லல்ல?"

"உனக்கு அடி விழும்."

போன கிழமை அவளும் என்னோடு பஸ்ஸில் வந்தாள். அடுத்த தரிப்பில் ஒருவரும் இல்லை. பஸ் நின்றது. நான் பொறுமையில்லாமல் வெளியே எட்டிப் பார்த்தேன்.

"இரிடா" என்றாள் அக்கா. "ஆராவது ஓடி வந்துகொண்டிருப்பாங்க."