எழுப்பிவிடும் நிரலை எங்கே வைப்பது?

பழைய லேப்டாப்பை நேற்று பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். விசைகளின் இடுக்கில் இன்னும் புளி வாசம். சிரிக்காதீர்கள், என் முதல் ஆபீஸ் புளி மூட்டைகளுக்கு நடுவில்தான் இருந்தது.

ரிஷிவந்தியத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை அது. கரியாலூர் மலையிலிருந்து அப்பா வாங்கிவந்த புளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜன்னலைத் திறந்தால் ஈ, மூடினால் புழுக்கம். சென்னைக் கம்பெனிக்காக, ஒரு பிராசஸரைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அது ஓடினால் வேலை நிரந்தரம், சென்னைக்கும் போய்விடலாம். இல்லையென்றால் புளியோடு புளியாகக் கிடக்க வேண்டியதுதான். அதுவோ, ஆரம்பித்ததும் உறைந்து நின்றது.

வாசலில் அம்மா காவல். யார் வந்தாலும், "அவன் வேல செஞ்சிக்கினு இருக்கான், இன்னா விசயம், எங்கிட்ட சொல்லு" என்பாள். நான் வெளியே வருவது சாப்பிட மட்டும். சாப்பிடுகிறவனிடம் கவலையான சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கை கழுவியதும் மறுபடி உள்ளே போய்விடுவேன். பம்புசெட் மோட்டார் எரிந்த சேதி என்னிடம் வருவதற்குள் புதுக் கம்பிச்சுருள் கட்டி அது ஓடவே தொடங்கிவிட்டது.

பிராசஸருக்கும் இப்படியொரு காவல் உண்டு, இன்டரப்ட் கன்ட்ரோலர் என்று. வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் ரெஜிஸ்டர்கள் என்கிற தன் குறிப்புக் கட்டங்களில் குறித்துவைத்து பிராசஸரைக் கூப்பிடும். அந்த ரெஜிஸ்டர் நிரலை நான் பிராசஸரின் கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தேன். பக்கத்திலிருந்தால் வேகம் என்றொரு மேதாவித்தனம். வேலையில்லாதபோது பிராசஸர் தூங்கும். கூடவே இதுவும் தூங்கிவிடும், அழைப்பு வந்தால் குறிக்கவும் எழுப்பவும் ஆளில்லை, அதனால்தான் உறைந்தது.

கூட வேலைசெய்த விழுப்புரத்து கோமதி போனில் சிரித்தாள். "தூங்கறவங்கிட்டயே எழுப்பற வேலைய குடுத்துட்டியா? வெளிய எடுத்துத் தனியா வைப்பா."

வைத்தேன். ஓடியது! ஒரே ஓட்டமாக வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லலாமாடா?" என்றாள். "எடது கண்ணு மங்கிக்கினே வந்துச்சி. இப்ப ஒண்ணுந் தெரில."

"இன்னாம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ எப்ப சும்மா இருந்த?"

கள்ளக்குறிச்சி டாக்டர், காலம் கடந்துவிட்டது என்றார்.

வேலை நிரந்தரமாகிச் சென்னை வந்தேன். அந்த பிராசஸரை இன்று யாரும் சீண்டுவதில்லை, எமுலேட்டரையும் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஊருக்குப் போகும்போது மறதியாக அம்மாவின் இடது பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறேன். முகத்தை முழுக்கத் திருப்பி, "யாரு?" என்கிறாள்.