லோதி தோட்டத்தில் இரண்டு நாற்காலிகள்

டிசம்பர் 3, காலை ஏழு மணி. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் உருண்டு வந்த ரயில் புது தில்லியில் நின்றது. விமானத்தில் வரச் சொன்ன மகன் கார்த்தியிடம், "வேலை பாத்த காலமெல்லாம் இதுலதானல வந்தேன், போனேன்" என்று அடம்பிடித்ததற்குக் கைமேல் பலன். முழங்கால் வலியில் பெர்த்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கார்த்தியும் ஒரு போர்ட்டரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கினார்கள். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அந்தக் குளிர் முகத்தில் பட்டதும் வலியை மீறிச் சிரிப்பு வந்தது. ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிக்குப் போன பிறகு இப்போதுதான் வருகிறேன். துவாரகாவில் கார்த்தி வீட்டுக்கு டாக்ஸி ஐந்நூற்றைம்பது ரூபாய்.

மறுநாள் மருத்துவமனை. இரண்டு வருடமாக நான் எண்ணெய் தேய்த்துச் சீராட்டிய வலது முழங்காலை டாக்டர் பொருட்படுத்தவே இல்லை. சேலத்துக்காரர். படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை லேசாக உள்பக்கம் திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற கார்த்தி ஓடிவந்தான்.

"முழங்கால் பாவம்ங்க, அது ஒண்ணும் பண்ணல. கோளாறு இடுப்பு மூட்டுல. வலி கீழ இறங்கித் தெரியுது."

எக்ஸ்ரேயில் காட்டினார். ரத்த ஓட்டம் நின்றுபோய், தொடை எலும்பின் உருண்டைத் தலை நசுங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு உலோகத் தண்டும் பீங்கான் உருண்டையும் பொருத்தினால் வலியில்லாமல் நடக்கலாமாம்.

"தரையில உக்காரலாமா டாக்டர்?"

"சம்மணம் போடுறது, குந்துறது எல்லாம் மறந்துருங்கம்மா. இனிமே நாற்காலிதான்."

என் தில்லியே தரையில்தான் இருந்தது. குளிர்காலத்து மதிய இடைவேளையில் அலுவலகப் புல்வெளியில் சால்வையை விரித்து, கூட வேலை பார்த்த கம்லேஷும் நானும் தோளோடு தோள் உட்கார்ந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி ஸ்வெட்டர் பின்னுவோம். மடியில் வேர்க்கடலை. ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துக்காரியான அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை, "உக்காரு". கடைசியாக ஒரு தடவை அவள் பக்கத்தில் அப்படி உட்கார்ந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அறுவை சிகிச்சைக்கு முந்தின ஞாயிறு, லோதி தோட்டம். புல்லில் சால்வை விரித்துக் காத்திருந்த கம்லேஷ், பக்கத்தில் தட்டினாள். "உக்காரு!"

கார்த்தி தாங்கிப் பிடித்தும் இடுப்பு மடங்கவில்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தே பேசினாள். அழுகை வந்தது. குளிரின் மேல் பழியைப் போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அறுவையன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். திரைக்கு அப்பால் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் தச்சுவேலை நடப்பதுபோல. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்கவிட்டார்கள். முழங்கால் வலியைத் தேடிப் பார்த்தேன், காணோம்.

பிப்ரவரி, ஊருக்குக் கிளம்பும் நாள். ஜோர்பாக் மெட்ரோவிலிருந்து லோதி தோட்டத்துக்குத் தடியை ஊன்றி நானே நடந்தேன். வாசலில் கால் கிலோ வேர்க்கடலை அறுபது ரூபாய். இனி நான் பெஞ்சில் மேலே, அவள் புல்லில் கீழே என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

புல்லில் இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் கம்லேஷ்.

"அரே, உன் இடுப்புக்கு என்ன வந்தது? நீ ஏன் நாற்காலியில்?" என்று இந்தியில் கேட்டேன்.

அவள் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். முதுகில் வெயில். எங்கள் தோள்கள் ஒரே மட்டத்தில் இருந்தன.